பட்ஜெட் கம்மியா? அப்போ ஸ்டாண்ட்ல கை வைக்காதீங்க!

மாசத்துக்கு ஒருத்தராவது சாட்ல வந்து கேக்குற கேள்வி இது: "மச்சி, வீடியோ எடுக்க கேமரா வாங்கிட்டேன். லென்ஸும் வாங்கியாச்சு. இப்போ கையில ரெண்டாயிரம் ரூபா மிச்சம் இருக்கு. அதுக்குள்ள ஸ்ட்ராங்கா ஒரு ட்ரைபாட் சொல்லு."

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் கிடையாது. ஏன்னா கேள்வியோட வரிசையே தலைகீழா இருக்கு. கேமரா, லென்ஸ், மைக், மெமரி கார்டு, பை எல்லாம் வாங்கி முடிச்சு, கடைசியா சட்டைப் பையில மிஞ்சுற சில்லறைக்கு வாங்குற பொருளாத்தான் எல்லாரும் ஸ்டாண்டை நினைக்கிறோம். தமிழ்ல இதுக்கு முக்காலின்னு சொல்லலாம்னு பாத்தா, எங்க வீட்ல அம்மா அதுல உக்காந்துதான் காய் நறுக்குறாங்க. அதனால இந்தப் பதிவு முழுக்க கல்யாண வீடியோக்காரங்க சொல்ற மாதிரி 'ஸ்டாண்ட்'னே வெச்சுக்குவோம் :-)

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். கையில காசு கம்மியா இருக்கிறவனுக்குத்தான் நல்ல ஸ்டாண்ட் ரொம்ப அவசியம். காசு இருக்கிறவன் கூட சமாளிச்சுக்குவான். நம்மால முடியாது.

ஏன் நமக்கு அதிகமா தேவை?

சினிமாக்காரங்களுக்கு ஷாட் ஆடிப்போச்சுன்னா "ஒன் மோர்" சொல்லிடலாம். கேமரா பக்கத்துலயே ரெண்டு அசிஸ்டன்ட் நிப்பாங்க. நம்ம நிலைமை என்ன? ஒரே ஆள். கேமராவை ஆன் பண்ணிட்டு ஓடிப்போய் மைக் சரி பண்ணணும், இல்லைன்னா எதிர்ல உக்காந்து கேள்வி கேக்கணும். அதுவும் நாம எடுக்கிறதுல பெரும்பாலானது திரும்ப எடுக்கவே முடியாத விஷயம். விடிய விடிய நடக்குற தெருக்கூத்து, அக்கா பொண்ணோட முதல் அரங்கேற்றம், ஊர்த் தேர், வீட்டுல இருக்கிற பெரியவங்க பேச்சு. இதுக்கெல்லாம் ஏது ஒன் மோர்?

என் நண்பன் ஒருத்தன், சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். அவனோட பாட்டிக்கு தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரின்னு எல்லாம் மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாது, எல்லாம் வாய் வழியா வந்ததுதான். ஒரு பொங்கல் லீவுல அவங்களைத் திண்ணையில உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பாட வெச்சு எடுத்தான். கேமரா இரவல். ஸ்டாண்ட் மட்டும் புதுசு, கடையில விரலால தூக்கிக் காட்டினாங்களாம், அவ்வளவு லேசு. இவன் பாட்டி பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு பாட்டா எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்தான். முதல் நாப்பது நிமிஷம் படம் அருமையா இருக்கு. அதுக்கப்புறம் ஸ்டாண்டோட தலை, கண்ணுக்கே தெரியாத வேகத்துல, மெதுவா முன்னாடி குனிய ஆரம்பிச்சிருக்கு. பாட்டியோட நெத்தி போச்சு, கண்ணு போச்சு. கடைசிப் பதினஞ்சு நிமிஷம், ஒப்பாரி வர்ற இடத்துல, மடியில இருக்கிற கை மட்டும்தான் தெரியுது. குரல் இருக்கு, முகம் இல்ல. அடுத்த பொங்கலுக்கு பாட்டி இல்ல.

அவன் மேல தப்பு சொல்லவே முடியாது. பெட்டி மேல 3 கிலோ தாங்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. கேமராவும் லென்ஸும் சேத்து ஒன்றரை கிலோ கூட வராது.

பெட்டி மேல இருக்கிற கிலோவை நம்பாதீங்க

எவ்வளவு எடை தாங்கும்ங்கிறதை அளக்க எல்லா கம்பெனியும் ஒத்துக்கிட்ட ஒரே அளவுகோல்னு ஒண்ணு கிடையாது. உடையாம நிக்கிற எடையா, வழுக்காம நிக்கிற எடையா, ஆடாம நிக்கிற எடையா? அவங்கவங்க வசதிக்கு ஒரு நம்பர். வீடியோவுக்கு நமக்கு வேண்டியது மூணாவது. அதைப் பெட்டியில பாக்கவே முடியாது.

எவ்வளவு ஆடாம இருக்கணும்னு ஒரு சின்ன கணக்கு போட்டுக் காட்டுறேன். ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 24 மி.மீ. லென்ஸ் போட்டா குறுக்கா சுமார் 74 டிகிரி தெரியும். எச்டி வீடியோவோட அகலம் 1920 பிக்சல். அப்போ ஒரு டிகிரிக்கு 26 பிக்சல். அதே கேமராவுல 200 மி.மீ. லென்ஸ் போட்டா தெரியுறது சுமார் 10 டிகிரிதான். இப்போ ஒரு டிகிரிக்கு 186 பிக்சல்! ஸ்டாண்ட் ஒரு டிகிரியில பத்துல ஒரு பங்கு அசைஞ்சா முதல் லென்ஸ்ல ரெண்டரை பிக்சல், யாருக்கும் தெரியாது. ரெண்டாவதுல கிட்டத்தட்ட 19 பிக்சல். படம் குலுங்குறது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். அந்தப் பத்துல ஒரு டிகிரிங்கிறது எவ்வளவு தெரியுமா? 10 செ.மீ. நீளமுள்ள கேமரா அடிப்பகுதியோட ஒரு முனை 0.17 மி.மீ. ஏறி இறங்கினா போதும். விசிட்டிங் கார்டு கனம் கூட இல்ல.

அதனால ஆடிட்டோரியத்துல கடைசி வரிசையில நின்னு ஜூம் பண்ணி எடுக்கிறவங்களுக்கும், அறைக்குள்ள பக்கத்துல வெச்சு எடுக்கிறவங்களுக்கும் தேவை வேற வேற. நீங்க எந்தக் கட்சின்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க.

கால்: மெக்கானிக்கல் படிச்சதுக்கு இன்னைக்குத்தான் ஒரு யூஸ்

நான் படிச்சது மெக்கானிக்கல், குப்பை கொட்டுறது சாஃப்ட்வேர்ல. ரெண்டாவது வருஷம் படிச்ச ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் வாழ்க்கையில முதல் தடவையா உதவி பண்ணினது ஸ்டாண்ட் வாங்கப் போனப்பதான். ரெண்டே ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்.

ஒண்ணு, குழாயோட தடிமன். சுவர் கனம் ஒரே மாதிரி இருந்தா, மெல்லிசான குழாயோட வளையாத தன்மை அதோட விட்டத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும். அதாவது 20 மி.மீ. குழாய்க்கும் 25 மி.மீ. குழாய்க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா விறைப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கடையில எல்லாரும் மேல் குழாயைத்தான் பாப்பாங்க. நீங்க கீழ இருக்கிற கடைசிக் குழாயைப் பாருங்க. ஸ்டாண்டோட பலவீனம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். நாலு, அஞ்சு அடுக்கா நீளுற ஸ்டாண்ட் மடிச்சா பையில அடங்கும், ஆனா கடைசி அடுக்கு பென்சில் மாதிரி இருக்கும். மூணு அடுக்கு இல்லைன்னா ரெண்டு அடுக்கு போதும். மூட்டு கம்மியா இருந்தா ஆட்டமும் கம்மி.

ரெண்டு, நடு கம்பம். நடுவுல கைப்பிடி சுத்தி மேல ஏத்துவோமே, அது. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கிற கம்பி எவ்வளவு வளையும்ங்கிறது நீளத்தோட மும்மடிக்குப் போகும். 10 செ.மீ. ஏத்தினதை 20 ஆக்கினா வளைவு ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு. அதனால கம்பத்தை ஏத்தாமலேயே உங்க கண் உயரத்துக்கு வர்ற ஸ்டாண்டா பாருங்க. வீடியோவுக்குன்னே செய்யுற ஸ்டாண்ட்ல பெரும்பாலும் நடு கம்பமே இருக்காது. அதுக்குப் பதிலா தலை உக்கார ஒரு கிண்ணம் இருக்கும், 75 மி.மீ. இல்லைன்னா 100 மி.மீ. கால்களைத் தொடாமலே தலையை மட்டும் தளர்த்தி நீர்மட்டம் பாத்து இறுக்கிடலாம். மேடு பள்ளமான கோயில் வாசல்ல நின்னு எடுக்கிறவனுக்கு அந்தக் கிண்ணத்தோட அருமை தெரியும்.

ஒவ்வொரு கால்லயும் பக்கம் பக்கமா ரெண்டு குழாய் இருக்கிற வகை பழைய வீடியோ ஸ்டாண்ட்கள்ல நிறைய உண்டு. கேமராவைத் திருப்பும்போது கால் முறுக்கிக்காம அதுதான் தடுக்கும். கால்களை நடுவுலயோ தரையிலயோ இணைக்கிற ஸ்ப்ரெடர் இருந்தா கால் அகலாது. கார்பன் ஃபைபர் வேணுமா? லேசு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், ஒத்துக்கிறேன். ஆனா காசு இருந்தா நாம ஏன் இந்தப் பதிவைப் படிக்கப் போறோம்? அலுமினியம் போதும். கனமா இருக்கேன்னு கவலைப்படாதீங்க. கனம்தான் நாம காசு குடுத்து வாங்குறதே.

தலை: எண்ணெய் வேணும்

போட்டோவுக்கு ஆகுற பால் ஹெட் வீடியோவுக்கு ஆகாது. தளர்த்தினா எல்லாப் பக்கமும் சாயும். வீடியோவுக்கு இடம் வலம் தனியா, மேல கீழ தனியா நகரணும்.

அந்த நகர்வு எப்படி இருக்குங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. சாதாரண தலையில இரும்பும் பிளாஸ்டிக்கும் உரசிக்கிட்டுத்தான் திரும்பும். நிக்கிற பொருளை நகத்த வேண்டிய பலம், நகர்ற பொருளைத் தள்ளுற பலத்தை விட அதிகம். அதனால நீங்க என்னதான் பூப்போல தள்ளினாலும் ஆரம்பத்துல 'டக்'குனு ஒரு குதி இருக்கும். ஃப்ளூயிட் ஹெட்ல உள்ள கெட்டியான திரவம் இருக்கும். மெதுவா தள்ளினா கொஞ்சமா எதிர்க்கும், வேகமா தள்ளினா அதிகமா எதிர்க்கும். கையோட நடுக்கம் அதுலயே கரைஞ்சுடும். சாட்வெல் ஓ'கானர்னு ஒரு அமெரிக்க பொறியாளர். நீராவி ரயில்களைப் படம் பிடிக்கிறது அவருக்குப் பொழுதுபோக்கு. திரவம் வெச்சு அதிர்வைத் தணிக்கிற கேமராத் தலையை உருவாக்கினதுக்கு 1975ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது வாங்கினார். நம்மள மாதிரி ஒரு பொழுதுபோக்கு ஆசாமி, பாத்துக்கோங்க :-)

விலை கம்மியான தலைகள் பலதுல பெட்டி மேல 'ஃப்ளூயிட்'னு போட்டிருந்தாலும் உள்ள இருக்கிறது கிரீஸ்தான். அது தப்பில்ல, கிரீஸே நல்லா வேலை செய்யுற தலையும் உண்டு. பேரைப் பாக்காதீங்க, கையால திருப்பிப் பாருங்க. முடிஞ்சா கவுன்டர் பேலன்ஸ் ஸ்பிரிங் இருக்கிற தலையா பாருங்க. கேமராவோட முன்பாரத்தை அந்த ஸ்பிரிங் தாங்கிக்கும், கையை விட்டாலும் பொத்துனு குனியாது.

அப்போ என்னதான் வாங்குறது? பழசு வாங்குங்க

இதுல பலபேருக்கு ஒப்புதல் இருக்காதுன்னு தெரியும். ஆனா என் கட்சி இதுதான். புதுசா ஒரு லேசான ஸ்டாண்ட் வாங்குற காசுக்கு, யாராவது வித்துட்டுப் போற பழைய கனமான வீடியோ ஸ்டாண்ட் வாங்குறது எவ்வளவோ மேல்.

நம்ம ஊர்ல கல்யாண வீடியோ எடுத்தவங்க ஒரு காலத்துல தோள்ல சுமக்குற பெரிய டேப் கேமராவைத்தான் வெச்சிருந்தாங்க. அதைத் தாங்கத்தான் அந்த ஸ்டாண்டுகள் வந்துச்சு. அப்புறம் கேமரா சின்னதாச்சு, கையில கிம்பல் வந்துச்சு. பழைய ஸ்டாண்ட் எல்லாம் பல ஸ்டுடியோ பரண்ல தூங்குது. கேமரா பழசானா மதிப்பு போயிடும். ஸ்டாண்டுக்கு சாஃப்ட்வேர் அப்டேட்டா தேவைப்படுது? கேமரா அடியில இருக்கிற 1/4 அங்குல திருகும், தலைக்கும் காலுக்கும் நடுவுல வர்ற 3/8 அங்குல திருகும் பல தலைமுறையா மாறல. நேத்து வந்த கேமராவும் அதுல உக்காரும்.

நான் வெச்சிருக்கிறதும் அப்படி ஒண்ணுதான். தொழிலை விட்ட ஒரு வீடியோக்காரர்கிட்ட எட்டாயிரத்துக்கு வாங்கினது. ஆறு கிலோ. பஸ்ல ஏறினா கண்டக்டர் ஒரு மாதிரி பாப்பாரு. ஆனா மொட்டை மாடியில ஆடி மாசக் காத்துல கூட அசையாம நிக்கும்.

பழசு வாங்கும்போது ரெண்டு எச்சரிக்கை. தலையோட அடியில எண்ணெய் கசிஞ்ச கறை இருந்தா விட்டுடுங்க, ரிப்பேர் செலவு தாங்காது. கேமரா மாட்டுற பிளேட் இல்லைன்னா, அந்த அளவு பிளேட் தனியா கிடைக்குமான்னு பாத்துட்டு வாங்குங்க. பிளேட் இல்லாத ஸ்டாண்ட் துணி காயப்போடத்தான் ஆகும். மான்ஃப்ரோட்டோ 501 அளவுல பல கம்பெனிங்க பிளேட் செய்யுறதால அந்த வகை தலைன்னா கவலை இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு சோதனை

உங்க கேமராவையும் கையோட எடுத்துட்டுப் போங்க. கூச்சப்படாதீங்க, காசு உங்களோடது.

1. காலை முழுசா நீட்டி, மேல ரெண்டு கையாலயும் பிடிச்சு முறுக்கிப் பாருங்க. ஜாடி மூடி திறக்குற மாதிரி. எங்கயாவது 'கடக் கடக்'னு இடைவெளி தெரிஞ்சா வேண்டாம்.

2. ஒவ்வொரு காலையும் பூட்டிட்டு மேல இருந்து அழுத்துங்க. வழுக்கி இறங்கினா வேண்டாம். பூட்டு நெம்புகோல்ல விரிசல் இருக்கான்னும் பாருங்க.

3. கேமராவை மாட்டி முழுசா ஜூம் பண்ணி தூரத்துல ஒரு பேர்ப்பலகையை வெச்சு, கால்ல ஒரு தட்டு தட்டுங்க. ஸ்கிரீன்ல ஆட்டம் அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எண்ணுங்க. 'ஒண்ணு' சொல்றதுக்குள்ள அடங்கினா நல்ல ஸ்டாண்ட். 'மூணு' வரைக்கும் போனா கிளம்பி வந்துடுங்க.

4. அதே ஜூம்ல மெதுவா இடமிருந்து வலம் திருப்பி நிறுத்துங்க. ஆரம்பத்துல குதிக்குதா? கையை எடுத்ததும் படம் பின்னாடி கொஞ்சம் திரும்பி வருதா? ரெண்டாவது நோய்தான் மோசம். எடிட்டிங்லயும் சரி பண்றது கஷ்டம்.

5. கேமராவைக் கொஞ்சம் முன்னாடி குனிஞ்ச மாதிரி வெச்சுப் பூட்டிட்டு, ஸ்கிரீன்ல ஓரத்துல ஒரு பொருளைக் குறிச்சு வெச்சுட்டு, கடைக்காரர்கிட்ட பத்து நிமிஷம் பேரம் பேசுங்க. திரும்பி வந்து பாக்கும்போது அந்தப் பொருள் அதே இடத்துல இருக்கணும். இதை யாரும் செய்யுறதில்ல. எனக்குக் கேட்டா இதுதான் முதல் சோதனை.

"கிம்பல் இருக்கே? கேமராவுக்குள்ளயே ஸ்டெபிலைசேஷன் இருக்கே?"

இருக்கு. கிம்பல் நடந்துக்கிட்டே எடுக்கிறதுக்கு. ரெண்டு மணி நேரக் கச்சேரியை அதைக் கையில பிடிச்சுக்கிட்டு எடுத்துப் பாருங்க, அடுத்த நாள் ஆபீஸ்ல மவுஸ் பிடிக்க முடியாது. சாஃப்ட்வேர் வழியா ஆட்டத்தை அடக்குற முறை படத்தோட ஓரத்தை வெட்டித்தான் அடக்குது. சென்சாரோ லென்ஸோ நகர்ற வகையை ஸ்டாண்ட்ல வைக்கும்போது அணைச்சுடச் சொல்லி பல கேமரா மேனுவல்லயே இருக்கும், இல்லைன்னா சில சமயம் படம் தானா மிதக்கும். இதெல்லாம் ஸ்டாண்டுக்குத் துணை, மாற்று இல்ல.

எட்டாயிரமும் இல்லைன்னா?

பரவாயில்ல, அப்பவும் வழி இருக்கு. இருக்கிற லேசான ஸ்டாண்ட்லயே கடைசி அடுக்கை நீட்டாதீங்க, நடு கம்பத்தை ஏத்தாதீங்க, ஷாட் ஓடும்போது திருப்பாதீங்க. ஒரு நாற்காலி போட்டு உக்காந்து எடுங்க. நடுவுல இருக்கிற கொக்கியில செங்கல் போட்ட பையை மாட்டுங்க, ஆனா பை தரையைத் தொடுற மாதிரி இருக்கணும். அந்தரத்துல தொங்கினா காத்துல ஊஞ்சலாடி ஸ்டாண்டையும் ஆட்டிடும். பலகை போட்ட மேடை மேல வைக்காதீங்க, ஒருத்தர் நடந்தாலும் படம் குதிக்கும். மேஜை இருந்தா ஸ்டாண்டே வேண்டாம். துணிப்பையில ரெண்டு கிலோ அரிசி போட்டுக் கட்டி, அது மேல கேமராவை அழுத்தி உக்கார வைங்க. பல ஆயிரம் ரூபா ஸ்டாண்டை விட அசையாம நிக்கும். சாயந்திரம் அரிசியை அம்மாகிட்ட திருப்பிக் குடுத்துடலாம்.

போன்ல மட்டும் எடுக்கிறவங்க இவ்வளவு குழப்பிக்க வேண்டாம். போன் எடை கால் கிலோ கூட கிட்டத்தட்ட வராது, ஜூமும் பெருசா பண்ண மாட்டீங்க. சின்ன ஸ்டாண்டே போதும். போனைப் பிடிக்கிற கிளிப் மட்டும் கெட்டியா இருக்கணும்.

மத்தவங்களுக்கு என் கணக்கு இதுதான். மொத்தப் பணத்துல மூணுல ஒரு பங்கை முதல்லயே ஸ்டாண்டுக்குன்னு எடுத்து வெச்சுடுங்க. மிச்சத்துக்குக் கிடைக்கிற கேமராவை வாங்குங்க, ஒரு மாடல் பழசா இருந்தாலும் பரவாயில்ல. மூணு வருஷம் கழிச்சு கேமராவை மாத்தணும்னு தோணும். அப்பவும் அதே ஸ்டாண்ட்தான் நிக்கும். கொஞ்சம் மங்கலான படத்துல தெரியுற முகத்தை நம்ம பிள்ளைங்க பாத்துக்குவாங்க. ஃப்ரேமை விட்டுப் போன முகத்தை என்ன பண்ணினாலும் கொண்டுவர முடியாது.

உங்ககிட்ட இருக்கிற ஸ்டாண்ட் எது, அஞ்சாவது சோதனையில பாஸா ஃபெயிலான்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. வீட்டுப் பரண்ல பழைய வீடியோ ஸ்டாண்ட் சும்மா கிடக்குன்னா அதையும் சொல்லுங்க, இங்க தேடிக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேரு.

பி.கு: தங்கமணி இந்தப் பதிவைப் படிச்சுட்டு, "இந்த ஆறு கிலோ இரும்பை ஹால்ல இருந்து எப்போ எடுப்பீங்க?"ன்னு கேக்குறாங்க. அது இரும்பு இல்ல, அலுமினியம்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்கு ஓடிட்டேன். அப்பீட்டு!